கடலுக்கு எழுதிவைத்த நேரம்

2025 ஏப்ரல் 7, திங்கள்

சுபஹ் தொழுதுவிட்டு யன்னல் திரையை விலக்கினேன். கடல் இல்லை.

நேற்று இரவு கொரியாவில் என் சிநேகிதி சுஹறாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வீதிக்கு அந்தப் பக்கம் அலை மதிலில் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கினேன். இன்று அந்த இடத்தில் சாம்பல் நிறச் சேறு, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை.

பக்கத்தில் படுத்திருந்த அஸ்பியாவை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினேன். சுஹறாவின் மகள், ஒன்பது வயது, கனமான பிள்ளை. "எழும்புங்க, கடல் உள்ளுக்குப் போயிட்டு!" என்று கத்தினேனாம். நினைவில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் வெறுங்காலோடு பாதி ஏறிவிட்டேன். தோளில் கிடந்த பிள்ளைதான் சொன்னது:

"சாச்சி, கடல் பகலைக்கு வரும். பிரிட்ஜ் கதவுல டைம் ஒட்டி இருக்கு."

மேலேயிருந்து ஒரு கொரியக் கிழவி வாளியோடு இறங்கி வந்தாள். எங்களுக்குத் தலை குனிந்துவிட்டு நேரே அந்தச் சேற்றுக்குள் நடந்து போனாள்.

பின்னால் ஓடிவந்த சுஹறாவின் கையில் என் சப்பாத்து. "போடு புள்ள, கால் விறைக்கும்." அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. சுனாமியன்று கல்முனைக்குடியில் ஒரே ஒழுங்கையிலிருந்து ஓடினவர்கள் நாங்கள்.

அவள் கணவன் முஸ்தாக் மட்டும் காலைச் சாப்பாட்டில் விடவில்லை. "ஒலுவில் கெம்பஸ்ல மூணு பேரும் ஒண்டாத்தானே படிச்சம், நீ இப்படி ஓடுவாய் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே மிஸ்ரியா. ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு விட்டிருக்கலாம்."

ஏப்ரல் 8

சமையலறை பிரிட்ஜ் கதவில் இரண்டு கலண்டர்கள். ஒன்றில் தொழுகை நேரம். மற்றதில் கடல் ஏறும் இறங்கும் நேரம், நிமிடக் கணக்கில், மாதம் முழுவதற்கும். இந்த வீட்டில் சமையலும் உறக்கமும் இவை இரண்டையும் பார்த்துத்தான். முஸ்தாக் கடற்பாசி காயவைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். படகு வரும் நேரம் மாறினால் அவன் வேலையும் மாறும். சுஹறா பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து சேற்றில் மட்டி பொறுக்கப் போகிறாள். எட்டு வருடமாக இப்படித்தானாம். வாட்சப்பில் ஒருநாளும் சொல்லவில்லை.

கலண்டர் முன்னால் நின்று எவ்வளவு நேரம் பார்த்தேனோ. ஒரு நாளைக்கு இரண்டு முறை போய் இரண்டு முறை வருகிறது. ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் பிந்துகிறது. பிறை பார்த்து நோன்பு பிடிக்கிற நமக்கு, அதே பிறைதான் கடலையும் இழுக்கிறது என்று புத்தகத்தில் படித்ததோடு சரி. எங்கள் கடல் இரண்டு அடி கூட இறங்காது. இறங்கினது அந்த ஒரு நாள்தான்.

ஏப்ரல் 9

இங்கே வீட்டின் தரை சுடுகிறது, கீழே வெந்நீர்க் குழாய் ஓடுகிறதாம். வெறுந்தரையில் படுத்தேன். இரண்டு மணித்தியாலம் செத்த உறக்கம்.

ஏப்ரல் 10

ஊரிலிருந்து என் கணவர் பஸால் போன் எடுத்தார்.

"மேசன் வந்து போன. அத்திவாரம் மழைக்கு முதல் போடணுமாம். என்ன சொல்ல?"

"வந்து சொல்றனே."

"அங்க போறத்துக்கு முதலும் இதத்தான் சொன்ன நீ. மாப்பிள்ள வீட்டாக்கள் கேட்டா நான் என்னத்தக் காட்டுற? உம்மாட வளவு ஒண்டுதான் நம்மளுக்கிட்ட இருக்கு."

நப்லாவுக்கு அடுத்த வருடம் கலியாணம். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் எங்கள் ஊரில் கலியாணம் எப்படி? அந்தக் காணி, உம்மாவின் வளவு, கடற்கரை வீதியில் இருக்கிறது. எங்கள் வீடு அடிபட்டுப் போன அதே வளவு. இருபது வருடமாக நான் அதற்குள் கால் வைக்கவில்லை. நப்லாவுக்கோ அங்கேதான் வேண்டுமாம், காற்று நல்லதாம். வீடு கட்ட வேண்டிய பத்திரத்தில் என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைத் தள்ளிப்போடத்தான் கொரியாவுக்கு வந்தேனா? சுஹறாவைப் பார்க்க ஆசை என்று எல்லோருக்கும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

ஏப்ரல் 12

மதிலில் உட்கார்ந்து எண்ணினேன். சேற்றுக்குள் போனவர்கள் பதினொரு பெண்கள், சுஹறாவோடு. எல்லோருக்கும் பூப்போட்ட தொப்பி, இடுப்புவரை றப்பர் சப்பாத்து, கையில் சின்னக் கொத்தி. புள்ளிகளாகிவிட்டார்கள். குனிந்து கொத்துகிறார்கள், சிரிக்கிற சத்தம் காற்றில் வருகிறது. திடீரென்று, திரும்பும் நேரத்துக்கு வைத்திருந்த அலாரம், யாரோ ஒருத்தியின் போன் அலறியது. ஒருத்தியும் "இன்னும் கொஞ்சம்" என்று நிற்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் பதினொன்று. இரண்டு முறை எண்ணினேன்.

மத்தியானம் மட்டியைத் தேங்காய்ப்பாலில் போட்டு ஆக்கினோம். எங்கள் ஊர்க் களப்பு மட்டியின் ருசிதான், உப்புக் கொஞ்சம் கூட.

"உனக்குப் பயமில்லையா?"

"பயமில்லாமலா? வந்த முதல் வருஷம் இந்தத் திரைய நான் திறக்கவேயில்ல. அஸ்பியாட வாப்பா இருட்டுக்குள்ளதான் சோறு திண்ட." சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "மறுகா பார்த்தன், இந்தக் கிழவிகள் பொறந்ததே இந்தச் சேத்துலதான். அவங்களும் ஒவ்வொரு நாளும் நேரத்தப் பார்த்துட்டுத்தான் இறங்குறாங்க. பயம் போகல்ல. நேரம் பார்க்கப் பழகிட்டன்."

"நம்மட கடலுக்கு ஆரு நேரம் எழுதித் தாற?"

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏப்ரல் 13

எழுதிவிடுகிறேன். இங்கே யாரும் இதைப் படிக்கப் போவதில்லை.

முதல் அலைக்குப் பிறகு நானும் தங்கச்சி ஜெனூபாவும் பக்கத்து மாடிவீட்டுக் கூரையில் இருந்தோம். யாரோ ஏணி வைத்து ஏற்றிவிட்டார்கள். கடல் உள்ளுக்குப் போய்க் கிடந்தது. உம்மாவைக் காணவில்லை. நான்தான் சொன்னேன் - தண்ணி போயிட்டு ஜெனூபா, இறங்கிப் போய்ப் பாரு. என் காலில் வெட்டு, அதனால் அவளைப் போகச் சொன்னேன். வெட்டு அவ்வளவு பெரிதும் இல்லை. ஓம், நடக்கலாம், நான் நடந்திருக்கலாம். அவள் இறங்கின பிறகு ரெண்டாவது அலை வந்தது. கீழே ஏணி இல்லை, தண்ணி கொண்டுபோயிட்டு. படி எங்கே இருக்கு படி எங்கே எண்டு அவள் கேட்ட சத்தம் - அந்த வீட்டுப் படி உள்ளுக்குள்ள, கதவு பூட்டிக் கிடந்த.

உம்மா பள்ளிவாசலில் உயிரோடு இருந்தாள். மூன்று நாள் கழித்துத் தெரிந்தது.

ஏப்ரல் 14

போனேன்.

இறக்கம் 11.42க்கு. ஒன்பதரைக்கே சுஹறாவின் பழைய றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றேன். "கலியாணப் பொண்ணுக்குக் கூட இவ்வளவு அவசரம் இருக்காது," என்றாள்.

கடலின் அடி இப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது. அலையின் வரிகள் அப்படியே சேற்றில் பதிந்து கிடக்கின்றன. நகத்தளவு நண்டுகள் ஆயிரக்கணக்கில், நாம் நடக்க நடக்க எல்லாம் ஒரே நேரத்தில் பொந்துக்குள் போய்விடுகின்றன. திரும்பிப் பார்த்தால் மறுபடி வெளியே. ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தேன். இருபது நிமிடம் பயப்பட மறந்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

அங்கே நின்றுதான் சுஹறாவிடம் ஜெனூபாவைப் பற்றிச் சொன்னேன். நான் போகச் சொன்னதை. என்ன சொல்வாளோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"கால எடு, புதையுது. இஞ்ச நிண்டா புதையும். நட."

சுற்றி நடந்தோம். நடந்துகொண்டே அழுதாள், நான் அழவில்லை. போன் அலறியதும் திரும்பினோம். மதிலில் அஸ்பியா உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு பேர்! எண்ணிட்டன்!" என்று கத்தினாள். நான் எண்ணியதை இவள் எப்போது பார்த்தாள்?

ஏப்ரல் 16

முஸ்தாக் ஒரு பெட்டி கடற்பாசி கட்டித் தந்தான். "பஸாலுக்குக் குடு. திண்ண மாட்டார் எண்டு தெரியும். எண்டாலும் குடு." சுஹறா கடல் நேரக் கலண்டரிலிருந்து ஏப்ரல் தாளைக் கிழித்துத் தந்தாள். அங்கே உதவாது என்று அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 17, விமான நிலையம்

ஏப்ரல் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் வளவைக் கீறினேன். கிணறு, பழைய தென்னை நின்ற இடம், வீதி. நப்லாவின் அறை கடலைப் பார்த்தே இருக்கட்டும், அவள் ஆசை அதுதானே. ஏறி நிற்கக்கூடிய தட்டுக் கூரை. அதற்குப் படிக்கட்டு வீட்டுக்குள்ளே அல்ல, வெளியே, வீதிப் பக்கமாக, சீமெந்தில், இரண்டு பேர் ஒன்றாக ஏறக்கூடிய அகலம். அதற்குக் கதவு இல்லை, பூட்டும் இல்லை. கள்ளன் ஏறுவான் என்பார் மேசன். ஏறட்டும். ஓடி வருகிறவர் யாரானாலும் ஏறட்டும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பஸால் பென்சிலால் அடையாளம் வைத்த பத்திரம் என் அலுமாரியில் இருக்கிறது. பேனையும் அதற்குள்தான். போய்ப் போட வேண்டியதுதான்.

பஸாலிடமிருந்து இன்று இரண்டாவது செய்தி: "என்ன முடிவு?"

"ஜெனூபாக்கு விருப்பமான பாரை மீன் வாங்கி வைங்க" என்று மட்டும் போட்டேன். அவள் பெயரை அவருக்கு நான் எழுதுவது இதுதான் முதல் முறை. விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.