‘விடு’ என்று கத்தியது நான்தான்

ஏப்ரல் 8, செவ்வாய்

முழங்காலில் மூன்றாவது ஊசி. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓடணும்னா ஓடுங்க. நாப்பது வயசுல மாடிப்படி ஏற மாட்டீங்க, அவ்வளவுதான்." எனக்கு முப்பத்தைந்து. பதினாறு வருடமாகக் கால்பந்தில் தடுப்பாட்டக்காரன். வேறு எதுவும் தெரியாது.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று மனைவி ஹே-ரியோங் கேட்டாள். ஓய்வு எடுக்கச் சொன்னார் என்றேன். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

தொடர்ந்து ஏழாவது தோல்வி. கோச் ராஜினாமா செய்துவிட்டார். கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரோடு கிளம்பிவிட்டார். கிளப் தலைவர் குக் என்னைத் தன் காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"மியோங், சீசன் முடியுறவரைக்கும் நீ பாத்துக்க. கீழ்ப் பிரிவுக்கு இறங்கிட்டோம்னா இந்த ஊர்ல கால்பந்தே இருக்காது."

"கோச் வேலை எனக்குத் தெரியாதுங்களே."

"பின்னாடி நின்னுக்கிட்டு எல்லாரையும் பாத்துக் கத்துவியே, அதேதான். இனிமே கோட்டுக்கு வெளிய நின்னு கத்து."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்றுவரை அண்ணே, இன்றிலிருந்து கோச். மதியச் சாப்பாட்டில் என் மேசைக்கு ஒருவனும் வரவில்லை.

மே 4, ஞாயிறு

1-4. தோற்றோம். நான்கு கோலும் உயரப் பந்தில். கோல்கீப்பர் ஊ-பின் இருபத்திரண்டு வயதுக்காரன், நல்ல கை. ஆனால் கோல் கோட்டிலிருந்து முன்னால் வரப் பயப்படுகிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

"ஜின்-க்யூ அண்ணனைக் கேளுங்களேன்," என்றாள் ஹே-ரியோங், சூப் ஊற்றிக்கொண்டே. "அவரைவிட நல்ல கீப்பர் இந்த ஊர்ல இருந்தாரா?"

சூப் குடிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

சரி, எழுதிவிடுகிறேன். ஆறு வருடமாக எங்கேயும் எழுதாதது.

அன்றைய ஆட்டத்தை டிரா செய்திருந்தால் போதும், முதல் பிரிவுக்குப் போயிருப்போம். எண்பத்தொன்பதாவது நிமிடம். நீளமான பந்து. ஓக் ஜின்-க்யூ அண்ணன் பிடிக்க ஓடி வந்தார். "விடு, என் பந்து!" என்று கத்தினேன். என்னை நம்பி அவர் நின்றார். என் கால் பந்தைத் தொடவே இல்லை. எதிரணிக்காரன் காலிக் கோலில் தட்டிவிட்டுப் போனான்.

டிவியில் சத்தம் கேட்காதே. கீப்பர் பாதியில் நின்றுவிட்டார், நான் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தேன் — அப்படித்தான் தெரிந்தது. அப்படித்தான் எழுதினார்கள். யாராவது குரல் கொடுத்தீர்களா என்று தலைவர் கூப்பிட்டுக் கேட்டபோது, "கூட்டச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலங்க" என்றேன். அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என்னைக் கேப்டன் ஆக்கினார்கள்.

மே 13, செவ்வாய்

ஜின்-க்யூ அண்ணனைப் பார்க்கப் போய்வந்தேன். கங்னுங் நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பாடம் நடக்கிறது, பேசணும்னா பின்னால் ஏறு என்றார். ஓட்டியவர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஸ்டியரிங்கை உடைத்துவிடுவதுபோல் பிடித்திருந்தார்.

"மெதுவா, மெதுவா. கண்ணாடியைப் பாருங்க. என்ன விஷயமா வந்தே?"

"கீப்பர் பையனுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேணும், அண்ணே."

"பிரேக்கு! ... ம். அதான் விஷயமா?"

"அது மட்டும் இல்ல. அன்னிக்கு —"

"அம்மா, வலது பக்கம் ஒதுங்கி நிறுத்துங்க." வண்டி நின்றது. அவர் திரும்பவில்லை, முன்னால் பார்த்தபடியே பேசினார். "நீ கத்தினதை நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சாக்குச் சொல்றான்னுதான் சிரிப்பாங்க. அதுகூடப் பரவால்ல. ஆறு வருஷம்டா. ஒரு ஃபோன்? இன்னிக்கு உனக்கு வேலை ஆகணும்னதும் வழி தெரிஞ்சிருச்சா?"



அந்தப் பெண்மணி மெல்ல, "நான் வேணா எறங்கிக்கவா, சார்?" என்றார்.

"நீங்க ஏன் எறங்கணும்? அவன் எறங்குவான்."

இறங்கினேன். பஸ் நிலையம் வரை நடந்தேன். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும்.

மே 25, ஞாயிறு

எப்படி எழுதுவது.

0-1. எண்பதாவது நிமிடத்தில் உயரப் பந்து. ஊ-பின் முதல்முறையாகத் துணிந்து முன்னால் வந்தான். எங்கள் தடுப்பாட்டக்காரன் குறுக்கே பாய்ந்தான். இருவரும் மோதி விழுந்தார்கள், பந்து உள்ளே. அரங்கமே ஊ-பினைப் பார்த்து ஊளையிட்டது. அவன் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான்.

ஆட்டம் முடிந்து நிருபர்கள் கேட்டார்கள். முதல் கேள்வியே, "கீப்பர் தப்புதானே?"

இல்லை என்றேன். முன்னால் வரச் சொன்னதே நான்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் கீப்பர் தப்புன்னு எழுதினீங்க. அன்னிக்கு ‘விடு’ன்னு கத்தினது நான். ஓக் ஜின்-க்யூ என் பேச்சைக் கேட்டு நின்னார். தலைவர் கேட்டப்ப நான் பொய் சொன்னேன்."

ஒருவர், "இதை எழுதலாமா?" என்றார். எழுதுங்க என்றேன்.

மே 26, திங்கள்

பயிற்சி மைதான வேலியில் துணி கட்டியிருக்கிறார்கள். ‘பொய்யன் மியோங், வெளியே போ.’ தலைவர் ஃபோனில் கத்தினார்: "இதை இப்பவா சொல்லணும்? சீசன் முடிஞ்சு சொல்லக் கூடாதா?" அண்ணனை விலக்கியவரும் அவர்தானே. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, நான் யார் அதைக் கேட்க.

அதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஹே-ரியோங் சமையலறை வாசலில் நின்று சொன்னதுதான் —

"ஜின்-க்யூ அண்ணன் பொண்டாட்டி என் தோள்ல சாஞ்சு அழுதாங்க. ‘பந்தை விட்டுட்டாரே, பாவி மனுஷன்’னு. நான் ஆறுதல் சொன்னேன், எல்லாருக்கும் தப்பு நடக்கும்னு. நீங்க அப்போ அந்த ரூம்ல உக்காந்து பேரிக்காய் தின்னுட்டிருந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

இருக்கு. எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு.

மே 29, வியாழன்

வீட்டில் பேச்சு இல்லை. எங்கள் மகள் போம் மட்டும் இருவருக்கும் நடுவில் தூது போகிறாள். "அம்மா உப்பு வேணுமான்னு கேட்டாங்க."

ஜூன் 2, திங்கள்

காலைப் பயிற்சிக்குப் போனால் கோல் பக்கம் ஊ-பின் விழுந்து புரண்டுகொண்டிருந்தான். பந்து வீசிக்கொண்டிருந்தது ஜின்-க்யூ அண்ணன்! தொப்பை போட்டிருக்கிறது. கை அதே கைதான்.

கிட்டே போனேன்.

"திங்கக்கிழமை டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு. திங்கள் மட்டும் வருவேன்" என்றார். "உனக்காக வரல. அந்தப் பையன் மூஞ்சியை டிவில பாத்தேன். அதுக்காக."

"சரி, அண்ணே."

"போய் உன் வேலையைப் பாரு."

போய் என் வேலையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று ஆட்டமாகக் கோல் வாங்கவில்லை. வேலியில் துணி இன்னும் இருக்கிறது. எழுத்து வெளுத்துவிட்டது. கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணன் திங்கள்தோறும் வருகிறார். என்னிடம் ஊ-பினைப் பற்றி மட்டும் பேசுகிறார், அதுவும் நான் கேட்டால்.

நவம்பர் 23, ஞாயிறு

0-0. கடைசி ஆட்டம். ஒரே ஒரு புள்ளியில் பிழைத்தோம். இறங்கவில்லை! ஊ-பின் கடைசி நிமிடத்தில் கோல் கோட்டிலிருந்து பத்து அடி முன்னால் வந்து பந்தைக் குத்தித் தள்ளினான். எல்லோரும் அவனைத் தூக்கினார்கள். என்னை யாரும் தூக்கவில்லை. அது சரிதான். அடுத்த வருடமும் நீயே இரு என்று தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நவம்பர் 29, சனி

ஜின்-க்யூ அண்ணன் வீட்டிலிருந்து ஹே-ரியோங்குக்கு ஃபோன். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட நூறு முட்டைக்கோஸ் வந்து இறங்கியிருக்கிறதாம், கை போதவில்லையாம். அவள் கிளம்பினாள். வாசலில் நின்று, "உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

போனேன். அண்ணி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு ரப்பர் கையுறையைத் தூக்கிப் போட்டு, "அங்க உக்காந்து மிளகாய் விழுதைத் தடவுங்க. இலை இலையாத் தடவணும்" என்றார். அண்ணனுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

ஒரு மணி நேரம் இருவரும் தடவிக்கொண்டிருந்தோம். பிறகு நான், ஊ-பினுக்கு இடது கால் சரியில்லை என்றேன். அவர், கால் இல்லைடா, நிக்கிற விதம் தப்பு என்றார். நான் இல்லை என்றேன். அவர் முட்டைக்கோஸைக் கோலாக வைத்துக் காட்டினார். குரல் ஏறியது.

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுத் தடவுறீங்களா?" என்று அண்ணி அங்கிருந்து கத்தினார்.

மூடினோம். கொஞ்ச நேரத்தில் அவர்தான் மறுபடி ஆரம்பித்தார்.