சத்தம் குறைந்த துவக்கு

அன்புள்ள மகளுக்கு,

மிச்சிகனில் உங்கள் வீட்டிலிருந்து வந்து மூன்று கிழமையாகிறது. இதை நீ மட்டும் வாசி. மருமகனுக்குக் காட்டவேண்டாம்.

அன்று உங்கள் வளவில் குறிபார்த்துச் சுடப்போன மருமகன், துவக்கின் முனையில் சத்தத்தைக் குறைக்கிற குழாயொன்றைப் பூட்டினார். ஏன் என்று கேட்டேன். "காதுக்கு நல்லது மாமா. பக்கத்து வளவுக் குதிரையளும் வெருளாது. மாமியும் பயப்படமாட்டா" என்றார். எல்லாம் நியாயமான காரணங்கள். ஒன்றிலும் என்னால் பிழை பிடிக்க முடியவில்லை.

அம்மா பின்னால் கத்தரிக்காய் ஆய்ந்துகொண்டு நின்றார். பலகையொன்று விழுந்ததுபோலத்தான் கேட்டது. அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிறகுதான் மருமகனின் கையில் துவக்கைக் கண்டார்.

ரொறொன்ரோ வீட்டுக்கு வரும்வரை காரில் அம்மாவிடம் ஒரே கேள்வி: "வெடிச்சத்தம் கேட்டால் விழுந்து படுக்க எனக்குத் தெரியும். உதுக்கு நான் எப்பிடியப்பா படுக்கிறது?"

ஊர்ச் சண்டைக்காலத்துக்குப் பிறகு பட்டாசுக்கு மட்டும்தான் நடுங்குவார். இப்போது ரோஸ்டரில் வாட்டப்போட்ட பாண் துண்டு துள்ளினாலும் குசினித் தரையில் கிடக்கிறார். நல்லது நினைத்துச் செய்த பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலும் எப்படி இருப்பது?

அதனால் எதைச் செய்யுமுன்னும் உரக்கச் சொல்கிறேன். "கதவு சாத்துறன்!" "பாண் துள்ளப்போகுது!" நேற்றுக் கீழ்மாடிக்காரர் வந்து, என் சத்தம் தாங்கமுடியவில்லை என்று முறையிட்டுவிட்டுப் போனார்.

டிசம்பரில் நத்தாருக்கு வரும்போது கதவைத் தட்டவேண்டாம், பிள்ளை. வெளியில் நின்று கூப்பிடுங்கள்.

அப்பா