மூன்றாம் நாள் பாடம்

ஐப்பசி 18, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். மீன் வளர்ப்புப் பயிற்சி, முதல் நாள். மூன்று நாளும் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். அது இருந்தால்தான் குளத்துக்குக் காற்றடிக்கும் எந்திரம், மானியத்தில். ஆறு வருடமாக யாரிடமும் கேட்காமல் மீன் வளர்த்தவனுக்கு அறுபத்தொன்பது வயதில் பெஞ்சு. டீ ஆறிப்போயிருந்தது.

பாடம் எடுக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கும். இந்த வருடம் குஞ்சு இரண்டு மடங்கு விட்டிருக்கிறேன் என்றேன். “அவ்வளவு மீன உங்க குளம் தாங்காதுய்யா.” குளத்தைப் பார்க்காமலே சொல்கிறாள்.

ஐப்பசி 19, புதன்

மூடாப்பு, வானம் முழுக்க மேகம். வகுப்பில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண் மறுபடி அதே பேச்சு, என் குளத்தைக் கரும்பலகையில் படம் போட்டு. பின்னாலிருந்து ஒருவன்: “எடம் பத்தாதுன்னு அண்ணாச்சி மீன நின்னுக்கிட்டே தூங்கப் பழக்கி விட்டிருப்பாரு வே!” சிரிப்பு. பக்கத்து பெஞ்சு ஆழ்வார்குறிச்சி சுடலைமுத்துவும் சிரித்தான். அவளும் வாயைப் பொத்தினாள்.

வீட்டில் இவள்: “நாளைக்கு ஒரு நா போயி இருந்திட்டு வந்தா கொறஞ்சா போயிருவிய?”



ஐப்பசி 20, வியாழன்

போகவில்லை. வெயில் முகமே காட்டவில்லை. வியாழன்தோறும் குளத்துக்குச் சாணம், கரைத்து ஊற்றினேன். மீன் இரண்டு மடங்கு, சாணமும் இரண்டு மடங்கு. வாங்க: டார்ச்சு பேட்டரி, இவளுக்கு மூட்டுத் தைலம்.

ஐப்பசி 21, வெள்ளி

விடியும்போது மீன் எல்லாம் மேலே. வாயைத் திறந்து திறந்து மூடின. மோட்டார் போட்டுத் தண்ணீர் அடிக்கக் கரண்ட் இல்லை. வாளியால் அள்ளி அள்ளி அடித்தேன். மூட்டுவலியோடு இவளும் இறங்கினாள். எட்டு மணிக்குக் குளம் முழுக்க செத்து மிதந்த வெள்ளை வயிறு. கட்லா மீன்தான் முதலில். பொங்கலுக்குப் பிடிக்க வேண்டியவை.

சோப்பு போட்டும் கை நாற்றம் போகவில்லை.

ஐப்பசி 22, சனி

தூறல். மீன் புதைத்த குழி மூடியாயிற்று. சுண்ணாம்பு தீர்ந்தது. சுடலைமுத்து வந்தான். கரையிலேயே நின்றுவிட்டான். மூன்றாம் நாள் பாடத்தை எழுதிய நோட்டு அவன் கையில், எனக்காகக் கொண்டுவந்தது. முதல் வரி: மூடாப்பு நாளில் சாணம் போடக் கூடாது, மீன் கூடுதலாக உள்ள குளத்தில் விடியுமுன் மூச்சுமுட்டிச் சாகும்.

“பத்து நிமிசம் பாடமே ஆரம்பிக்கல அந்தப் பிள்ள. ‘அந்த ஐயா வந்திரட்டும், இது அவருக்குத்தான் வேணும்’னு வாசலையே பாத்துக்கிட்டு நின்னா, அண்ணாச்சி.”

அடுத்த பயிற்சிக்கு என் பெயரை அவளே எழுதி வைத்திருக்கிறாளாம்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாங்க: எனக்கு ஒரு நோட்டு.