நாலாவதாக ஒரு நாய்

திபிலீசி, ஜார்ஜியா
4 மார்ச் 2025

கண்ணு ஜெனிஷாவுக்கு,

கோவை கணபதியின் முடிசூடா மன்னனும், மூன்று லேத் மிஷின்களின் ஏகபோக அதிபதியும், உன் ஒரே தாய்மாமனுமாகிய தேவானந்தம் பனிமலை அடிவாரத்திலிருந்து எழுதிக்கொள்வது. உயிரோடு இருக்கிறேன். மூக்கு மட்டும் இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். டீயைக் கொஞ்சம் ஊதிக் குடிக்கலாம் என்று ஒரே ஒரு தரம் ஊதினேன். ஆடை கட்டுகிற இடத்தில் ஐஸ் கட்டிவிட்டது.

வாட்ஸப்பில் எழுதினால் உன் போனை உன் அம்மாவாகிய என் அக்கா எடுத்துப் பார்த்துவிடுவாள். அதனால்தான் இந்த ராஜாங்கத் தபால், அதுவும் நீ வேலை செய்யும் லேப் விலாசத்துக்கு.

வந்த காரியத்தை மறக்கவில்லை. டாக்டருக்குப் படிக்க இங்கே வந்த உன் தம்பி ஜெஃபின் ஐந்து மாதமாக அக்காவோடு பேசாமல் வெறும் கட்டைவிரல் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறான். ஏனென்று பார்த்து, தேவைப்பட்டால் காதைப் பிடித்து இழுத்துவர வேண்டும். அதுதானே உன் உத்தரவு? வந்து பத்து நாளாகியும் பையனைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. பரீட்சையாம். போனில் பேசினான். நன்றாகத்தான் இருக்கிறான்.

அதுவரை சும்மா இருப்பேனா? கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊரையே படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் போய், "ஏனுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று நம் ஊர்த் தமிழிலேயே கேட்கிறேன். ஒருவரும் மாட்டேன் என்றதில்லை. போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். சந்தையில் மீன் விற்கிற அம்மா கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டார்; அக்காவிடம் சொல்லிவிடாதே.

ஒரே தொல்லை, இந்த ஊரில் ஜனங்கள் மூன்று மூன்று பேராகவே திரிகிறார்கள். மூன்று பேரை ஒரே படத்தில் பிடித்தால் ஒருவருக்கு ஆகாது. ஜெரால்டு மச்சான் போனபிறகு அக்காவும் நீயும் ஜெஃபினும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாததற்கு நான்தானே காரணம்! அதனால் பக்கத்தில் படுத்திருக்கும் தெருநாயை எழுப்பி நாலாவதாக நிறுத்திவிடுகிறேன். மூன்று பேர் என்றால் மட்டும்தான் நாய். சும்மா சும்மா அவைகளைத் தொந்தரவு செய்வதில்லை. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி பருமன். தடுப்பூசி போட்டதற்கு அடையாளமாகக் காதில் கம்மல் மாதிரி ஒரு வில்லை.

ஏழு படம் வைத்திருக்கிறேன். ஐந்தாவதைத் தவறாமல் பார். ரொட்டிக்கடை வாசலில் ஒரு புருஷன் பெண்டாட்டி, கூட ஒரு செவலை நாய். அந்த நாயின் முகக்களைக்கு முன்னால் சினிமாக் கதாநாயகர்கள் எல்லோரும் வரிசையில் நின்று பிச்சை வாங்க வேண்டும்.

உன் அன்பு மாமா,
தேவானந்தம்


கணபதி, கோயம்புத்தூர்
22 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெனிஷா எழுதுவது. நாங்கள் சுகம். தவக்காலம் என்பதால் வீட்டில் கறி இல்லை, அம்மாவிடம் பேச்சும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் "டாக்டருக்குப் படிக்கும் மகனுக்காக" என்று அம்மா மறுபடியும் மன்றாட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

உங்கள் நாலாவது நாய் சாத்திரத்தைப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள், மாமா. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று அவர்களும் மூன்று பேர்தானுங்களே!

ஐந்தாவது படத்தைப் பார்த்தேன். லேப்பில் ரிஃபானாவிடமும் காட்டினேன். அவள், "நாய் சூப்பரா இருக்குது" என்றாள். எனக்கு நாய் மேல் கண் போகவில்லை. அந்த ரொட்டிக்கடையில் நிற்பது இரண்டு பேர். மூன்று பேர் என்றால் மட்டும்தான் நாய் என்று அதே கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற ஆறு படத்தோடு வைத்துப் பார்த்தேன்; இது மட்டும் ஒரு பக்கம் இரண்டு விரல் குறைகிறது. கத்தரி போட்ட ஓரம் நேராகக்கூட இல்லை.

மூன்றாவது ஆள் யாருங்க, மாமா?

ஜெஃபின்தான் என்றால் ஏன் வெட்டினீர்கள்? எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். வேடிக்கை காட்டாமல் எழுதுங்கள்.

ஜெனிஷா


திபிலீசி
10 ஏப்ரல் 2025

அம்மணி ஜெனிஷாவுக்கு,

ஸ்காட்லாந்து யார்டு போலீஸ் உன் லேப் வாசலில் கைகட்டி நின்று பாடம் கேட்க வேண்டும். நாய் முகம் நன்றாக விழுந்திருக்கிறதே என்ற ஆசையில் ஆளை மட்டும் வெட்டினேன். என் சாத்திரமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவன்தான் கண்ணு. ரப்பர் பூட்ஸும் கிழிந்த கோட்டுமாக நின்றான். "அம்மாவுக்குத் தெரியக் கூடாதுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். வெட்டினேன்.

காலேஜை விட்டு ஒரு வருஷமாகிறது. இரண்டு முறை பெயில். மூன்றாவது முறை பரீட்சைக்குக் கிளம்பி, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டானாம். இப்போது தெருநாய்களைப் பிடித்து வைத்தியம் பார்த்து, காதில் வில்லை மாட்டித் திரும்ப விடுகிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் உதவியாளன். நாய்களைப் படம் பிடித்துக்கொண்டே போனதில் அங்கே போய் முட்டினேன்.

"கெளம்புடா, டிக்கெட் போடறேன்" என்றேன்.

"வரலீங்க மாமா. அம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"மூஞ்சிய நான் பாத்துக்கறேன். நீ போனதீம் கால்ல உளுந்துரு."

"அதுக்கில்லீங்க. மூஞ்சில முழிச்சாலும் திரும்பி இங்கதான் வருவேன். இந்த வேலைய உடமாட்டேன். கால்நடை வைத்தியம் படிக்கப்போறேன். எத்தன வருசமானாலும் சரி."

முகத்தில் ஓங்கி ஒன்று விடலாம் என்று கையைத் தூக்கினேன். அப்போது ஒரு கிழட்டு நாயை, கார் ஏறிய காலோடு, போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அது எல்லோரையும் கடிக்கப் பாய்ந்தது. இவன் தரையில் உட்கார்ந்தான். கையைக்கூட நீட்டவில்லை. பதினைந்து நிமிஷம் கழித்து அதுவாக நகர்ந்துவந்து இவன் தொடையில் தலையை வைத்தது. என் கை எப்போது இறங்கியது என்று எனக்கே தெரியாது.

இவனை இழுத்துக்கொண்டு வரமாட்டேன் கண்ணு. ஒரே ஒரு உதவி செய். மே கடைசியில் நானே வந்து அக்காவிடம் பக்குவமாகச் சொல்கிறேன். அதுவரை பரீட்சை என்றே சொல்லி வை.

தேவானந்தம்


கணபதி
29 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்ட உதவியை என்னால் செய்ய முடியவில்லை.

தம்பி டாக்டராகட்டும் என்று எனக்கு வந்த இரண்டு வரன்களை அம்மா தள்ளிவைத்தார்கள். நானும் சரியென்றேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, அவனிடமே சொல்லுங்கள். ஆனால் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அந்த மன்றாட்டை எழுத, பக்கத்தில் உட்கார்ந்து பேனா எடுத்துக் கொடுக்க என்னால் ஆகாது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, உங்கள் கடிதத்தை முழுதும் வாசித்துக் காட்டிவிட்டேன்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். கையை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "தேவானந்தத்துக்குப் பொய் சொல்லத்தான் தெரியும்னு நெனச்சேன், கத்தரி புடிக்கவும் தெரியுமா?" என்றார்கள். அன்று ராத்திரி சோறும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மறுநாள் காலையில் காபியை வைத்துக்கொண்டு கேட்டார்கள்:

"நாய் கடிச்சா ஊசி போட்டுக்கறானா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

நேற்று சாயங்காலம், நம் தெருக் கோயில்காரர்கள் கூடிய அன்பியக் கூட்டத்தில் ஒருவர், "டாக்டர் தம்பி எப்பங்க லீவுக்கு வர்றாப்ல?" என்று கேட்டார். அம்மா எல்லோர் முன்னாலும், "அவன் டாக்டருக்குப் படிக்கலீங்க. நாய்களப் பாத்துக்கறான்" என்றார்கள். கேட்டவரையே பார்த்துச் சொன்னார்கள். தலை குனியவில்லை.

போன் போடட்டுமா என்று கேட்டேன். "போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லி வெச்சுப்போடுவான். எழுதச் சொல்லு. உன்ற லேப்புக்கு வேண்டாம், ஊட்டு விலாசத்துக்கு" என்றார்கள்.

ஜெனிஷா


திபிலீசி
19 மே 2025

கண்ணு ஜெனிஷாவுக்கு,

நீ செய்ததுதான் சரி. என் ஐம்பத்தெட்டு வருஷத்துச் சாமர்த்தியம் எல்லாம் சேர்த்து எடை போட்டாலும் அக்காவின் ஒரு கேள்விக்கு ஈடாகாது.

உன் கடிதத்தை ஜெஃபினுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போனான். அரை மணி நேரம் கழித்துக் கண் சிவக்க வந்து, மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டினான். ஊசி எல்லாம் தவணைப்படி போட்டிருக்கிறான். "இத அம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க மாமா" என்றான். "நான் எதுக்குடா சொல்லணும்? உனக்குக் கை இல்லையா?" என்றேன்.

நாலு நாள் எழுதினான். எழுதுவான், கிழிப்பான். வார்த்தை சொல்லித் தரட்டுமா என்றேன், வேண்டாம் என்றுவிட்டான். எனக்குப் படிக்கவும் தரவில்லை. இன்று காலை அவனே ஒட்டி, 'திருமதி சூசைமேரி ஜெரால்டு' என்று வீட்டு விலாசம் எழுதி, தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தான்.

இது கைக்கு வருகிறபோது அதுவும் வந்துவிடும். அக்கா கண்ணாடியைத் தேடுவாள், எடுத்துக் கொடு. வாசிக்கட்டுமா என்று மட்டும் கேட்காதே.

மாமா