மலை மறைத்த கிரகணம்

திருவண்ணாமலை
16.8.99

துபாயில் இருக்கும் அன்பு மருமகன் அன்பரசனுக்கு, அண்ணாமலையார் துணையால் நீ சுகமாயிருக்க வேண்டி உன் தாய்மாமன் ஆதிமூலம் எழுதிக்கொண்டது.

பிறந்தது பையனா பொண்ணா என்று நீ போனில் கேட்டும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லையாம். உன் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. எழுத்து என்றால் நம் குடும்பத்தில் நான்தானே. எட்டாவதோடு நின்றாலும், என் மனுவைப் படித்து ஆபீசர்கள் எழுந்து நின்றதுண்டு.

ஆடி அமாவாசையன்று சூரிய கிரகணம். வெள்ளைக்காரன் தேசத்தில் கிளம்பி, குஜராத்தில் நுழைந்து, ஸ்ரீகாகுளம் பக்கம் கடலில் இறங்கியது அதன் பாதை. அங்கே முழுசு, நமக்குப் பாதிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. அதுவும் பொழுது சாயும் நேரம். நம் தெருவுக்கு மேற்கே மலை மறைத்துவிடும், மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலைப் பக்கம் போனால்தான் தெரியும் என்று லாட்ஜ் வாசலில் நாற்பது ஜெர்மன்காரர்களுக்கு நான்தான் விளக்கினேன். ஒருத்தன் கைகுலுக்கி, எந்தக் காலேஜ் என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்தால், டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே உன் சம்சாரம் தென்றலுக்கு வலி எடுத்திருந்தது. தசரதன் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டான். உன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, கிரகணம் விட்டுச்சா பார்றா என்றாள். எங்கே பார்ப்பது? எதிரே மலை. ஏழு மணிக்கு விட்டுடும்னு டிவியில சொன்னாங்க மாமா என்று தென்றல் சொன்னாள். நான் சிரித்தேன். டிவிக்காரனுக்கு இன்னாம்மா தெரியும், பிடிச்ச சூரியன் பிடிச்சபடியே மறைஞ்சா மறுநாள் அதைக் கண்ணால பார்த்தாதான் விட்ட கணக்கு என்றேன். பெரியவர்கள் சொன்னதுதான். சாப்பாட்டுக்குச் சொன்னதா, வாசற்படி தாண்டுவதற்குச் சொன்னதா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தசரதன் மட்டும், யோவ், புள்ளத்தாச்சிகிட்ட இன்னாய்யா கணக்கு என்று கத்தினான். அவனை அனுப்பிவிட்டேன்.

விடிந்ததும் ஒரே மேகம். சூரியன் முகமே காட்டவில்லை. கிழக்கே பார்த்தபடி நின்றோம். உள்ளே தென்றலின் சத்தம் அடங்கியதும் நானே கதவைத் திறந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பொண்ணுதான் அன்பு. உன் மூக்கு. இத்தனை முடியோடு நம்ம ஜில்லாவிலேயே ஒரு குழந்தை பிறந்ததில்லை என்று நர்சம்மாவே சொன்னாள். அன்றைக்கே அடக்கம் பண்ணிவிட்டோம். குழியில் இறக்கியது என் கைதான். கனமே இல்லை.

தென்றல் உயிருக்கு ஆபத்தில்லை. கஞ்சி குடிக்கிறாள். பார்க்க வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்: கிரகணம் எத்தனை மணிக்கு விட்டுச்சு? நான் அந்த அறைப் பக்கம் போவதில்லை.

அங்கேயும் கிரகணம் நன்றாகத் தெரிந்ததாமே. மறைக்க மலையில்லாத ஊர், நீ பார்த்திருப்பாய். நீங்கள் இருவரும் நூறு வயசு நன்றாயிருக்க வேண்டும். போனில் உன்னையும் கேட்பாள். தெரியாது என்று சொல்லிவிடப்பா. நீயாவது தெரியாது என்று சொல்.

இப்படிக்கு,
உன் மாமன்
ஆதிமூலம்