மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?

மார்ச் 4
புதிய சட்டைக்கு அளவெடுத்தாள் என் தையல்காரி மனைவி. "கைச் சுற்றளவு பதினேழு அங்குலம். ஊர்ல இருக்கற துணியெல்லாம் உங்களுக்கே பத்தாது." ஜிம் மாஸ்டர் என்றால் சும்மாவா! கால்சட்டைப் பையில் ஆய்வக முடிவு நாலாக மடிந்து கிடந்தது. ஒரு மில்லியில் விந்தணு ஒன்றரைக் கோடியாவது இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு இரண்டு லட்சம்.

மார்ச் 5
அவளிடம் காட்டினேன். தன் ஆஸ்பத்திரிக் கோப்பில் செருகினாள். குழந்தைக்காக மூன்று வருடமாகச் சோதனை, ஸ்கேன், மாத்திரை எல்லாம் அவளுக்குத்தான். இந்த உடம்பை யார் சந்தேகப்படுவார்கள்?

மார்ச் 9
டாக்டரம்மா துருவினார். சிகரெட்? குடி? சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி? அடுப்புச் சூட்டில் வேலை? மடியில் லேப்டாப்? எதுவும் இல்லை. விதைப்பையில் நரம்புச் சுருட்டும் இல்லை.

"மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?"

"தலைவலிக்குக்கூட எடுக்க மாட்டேன்."

வாரம் ஒரு ஊசி, நாலு வருடமாக. ஆண் ஹார்மோன். ஜிம்மில் யாரும் அதை மருந்தில் சேர்ப்பதில்லை. அது கூடினால் எல்லாமே கூடத்தானே வேண்டும்?

மார்ச் 14
கூட வேண்டும்தானே?

மார்ச் 16
அம்மா போனில் அவளிடம், "வேற நல்ல டாக்டரைப் பாரும்மா." அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடினேன்.

மார்ச் 17
தனியாகப் போய் ஊசியைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடினார். "ஹார்மோன் வெளியிலிருந்து வந்துக்கிட்டே இருந்தா, உடம்பு தன் வேலையை நிறுத்திடும். இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" ஊசியை விட்டாலும் மாதக்கணக்கில் ஆகுமாம். திரும்பாமலும் போகலாமாம். என் விரலே என் கண்ணைக் குத்தியிருக்கிறது.

மார்ச் 19
சொல்லிட்டேன். அவ அழல. "என் கையில ஊசி குத்தினப்பல்லாம் பக்கத்துலதானே நின்னீங்க?" அவ்வளவுதான். துணி வெட்டப் போயிட்டா. என்ன மனுஷன்டா நீ?

ஜூன் 2
ஊசியை நிறுத்தியதில் தோள் இறங்கிவிட்டது. "மாஸ்டர், உடம்பு சரியில்லையா?" ஜிம்மில் ஒருவன் ஊசி கேட்டான். கத்தி விரட்டினேன். பிறகு கூப்பிட்டு உட்காரவைத்துக் காரணத்தைச் சொன்னேன். காது சுட்டது.

வீட்டில் இன்னும் "சாப்பாடு இருக்கு" மட்டும்தான்.

அக்டோபர் 11
எழுபது லட்சம். இன்னும் போதாதாம், ஆனால் ஏறுகிறதாம்.

அம்மாவுக்கு நானே போன் செய்தேன். "குறை எனக்குத்தான்மா. அவகிட்ட இனிமே கேக்காதே." போனை வைத்தபோது உள்ளே தையல் இயந்திரம் நின்றிருந்தது.

அவள் டேப்போடு வந்தாள். "சட்டையெல்லாம் தொளதொளன்னு தொங்குது. கையை நீட்டுங்க."

சுற்றிப் பிடித்தாள். பதினைந்து. மார்ச்சுக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது இன்றுதான்.