உளமார என்று நான் போட்ட குறி

மார்ச் 4, செவ்வாய்

குடியுரிமை அலுவலகம், இரண்டாம் மாடி. அறையில் இருந்தவர்கள்: அதிகாரி, தட்டச்சுப் பெண், என் கணவர், நான். நான்கு பேர். ஐந்தாவது ஆள் கிடையாது.

உறுதிமொழிப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: 'ஆண்டவன் மீது ஆணையாக', 'உளமார'. முப்பது வருடமாகச் சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று பேசிய என் வீட்டு மனிதர் ஆண்டவனைக் குறித்தார். "அப்பதான்டி சந்தேகப்பட மாட்டாங்க" என்று என் காதில் ஓதல் வேறு. தூ!

நான் 'உளமார' என்பதைக் குறித்தேன். ஆண்டவன் என்பது நான் தினமும் விடியலில் மண்டியிட்டுக் கூப்பிடுகிற பெயர். அதை அரசாங்கத் தாளுக்கு ஜாமீன் நிற்கவா கூப்பிடுவேன்?

அதிகாரி என் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்தார். "தப்பாப் போட்டுட்டீங்கம்மா." சிரித்துக்கொண்டே என் குறியை அடித்துவிட்டு, மேல் கட்டத்தில் அவரே போட்டார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டாயிற்று.

என் பக்திக்கு அத்தாட்சி தர வந்த மூஞ்சியைப் பார்!

மார்ச் 5

எட்டாவதோடு நின்ற படிப்புதான். ஆனாலும் எழுத்துக் கூட்டிச் சட்டம் படிக்கத் தெரியும். நூலகத்தில் பார்த்தேன், பக்கம் 41. எதைச் சொல்வது என்பது விண்ணப்பிப்பவர் விருப்பம்.

நாங்கள் இருவரும் இந்த நாட்டில் தங்கும் அனுமதி ஏப்ரல் 10 வரைதான்.

மார்ச் 9

பிரார்த்தனைக் குழுத் தலைவி வழிமறித்தாள். "என்னக்கா, சாமியே வேணாம்னு எழுதிக் குடுத்தீங்களாமே?" நான்கு பேர் இருந்த அறையிலிருந்து செய்தி அதற்குள் கசிந்துவிட்டது.

மருமகளை ஏசும்போது இவள் வாயில் வரும் 'சாமி சத்தியமா' — போன ஞாயிறு மட்டும் பதினேழு. எண்ணினேன்.

மார்ச் 18

உறுதிமொழி நாள். மண்டபத்தில் அறுபத்திரண்டு பேர். கணவர் கணீரென்று ஆண்டவன் மீது ஆணையிட்டார். நாக்கு கூசவில்லை.

என் முறை. "உளமார" என்றேன்.

"தாள்ல இருக்கறதச் சொல்லுங்கம்மா."

"தாள்ல இருக்கறது நீங்க போட்ட குறி."

"ஒரு வார்த்தைதானேம்மா!"

"ஒரு வார்த்தைதானே, விட்டுடுங்களேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி என் தாளை ஓரமாக வைத்தார். கணவருக்குச் சான்றிதழ், எனக்கு இல்லை. ஒரே வீட்டில் இப்போது ஒரு குடிமகனும் ஒரு அந்நியப் பெண்ணும்.

மார்ச் 19

அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மார்ச் 20

அதிகாரிக்கு அனுப்பியதன் நகல்:

'என் குறியை நான் போட்ட கட்டத்திற்கே மாற்றவும். சட்டம் பக்கம் 41 பார்க்கவும்.'

அதன் கீழே, நான் கேட்காமலே, என் கணவர் கையெழுத்தில்:

'என்னுடையதையும் மாற்றவும். நான் சொன்னது பொய். சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எங்கள் இருவருக்கும் ஏப்ரல் 10-க்குள் பதில் தேவை. தயவுசெய்து சீக்கிரம் எழுதவும்.'